அமுத்துனாலும் அணையாத பட்டன்

நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு மாசாந்திரப் பராமரிப்புக்காக இந்தப் பக்கம் பூரா கரண்டை நிறுத்துறாங்க. அதுக்கு முன்னாடி சர்வரைப் பாத்துருவோம்னு இன்னிக்கு அறந்தாங்கியில ஒரு ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போனேன்.

அங்க இருந்த பழைய கம்ப்யூட்டரை அதோட செட்டிங் எல்லாத்தோடயும் அப்படியே சர்வருக்குள்ள விர்ச்சுவல் மெஷினா, அதாவது தனிப் பெட்டி இல்லாம சர்வருக்குள்ளயே ஓடுற கம்ப்யூட்டரா, மாத்தி வச்சது நான்தான்.

கரண்ட் போயி யுபிஎஸ் தீரப்போற நேரத்துல, பவர் பட்டனை அமுத்துற மாதிரி சர்வர் அந்த மெஷினுக்கு ஒரு சிக்னல் அனுப்பும். உடனே எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு அது அணையணும்.

அனுப்பிப் பாத்தேன். அசையல.

நடந்ததெல்லாம் பதிவாகுற பழைய லாக்கைப் பாத்தா, கரண்ட் போன ஒவ்வொரு தடவையும் இதே கதை. சர்வர் மூணு நிமிஷம் பொறுத்துப் பாத்துட்டு, பாதி வேலையில அதை ஒரேயடியா நிறுத்தியிருக்கு.

லேப் அக்காட்ட கேட்டேன்: "ரிப்போர்ட் எதுவும் காணாமப் போச்சாங்க?"

"அப்பப்ப தொறக்காது தம்பி. ஆளைக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்துக்குவோம்."

செட்டிங்கைத் தொறந்தேன். பவர் பட்டனை அமுத்தினால்: ஒன்றும் செய்யாதே.

"யாருங்கக்கா இப்படி மாத்துனது?"

"நீங்கதான தம்பி! பழைய பெட்டியில தூசி தொடைக்கயில கைபட்டு அணைஞ்சிருதுன்னு சொன்னேன். 'இனிமே அமுத்துனாலும் அணையாதுக்கா'ன்னு சொல்லிட்டுப் போனீங்களே."

அன்னைக்கு மாத்துன செட்டிங்கும் சர்வருக்குள்ள கூடவே வந்திருக்கு. அங்க சரி பண்ணிட்டேன். இப்ப புதுக்கோட்டை பஸ்ஸுல உக்காந்து, இதே உதவியை வேற எங்கெல்லாம் செஞ்சேன்னு யோசிக்கிறேன். ஞாபகம் வரல.

அந்த வசனத்தை நான் ஒங்ககிட்டயும் சொல்லியிருந்தா, ஒம்பது மணிக்கு முன்னாடி கமெண்ட்ல வாங்க. திட்டுறதைப் பொறவு வச்சுக்கலாம்.