விரலுக்கு எட்டிய வரைபடம்

பள்ளியில் படிக்கும்போதே எனக்குப் பார்வை போய்விட்டது. இருந்தாலும் புவியியல்தான் படிப்பேன் என்று கல்லூரியில் சேர்ந்தேன். அந்தமானில் எங்கள் ஊரான பாம்பூஃப்ளாட்டிலிருந்து தினமும் ஃபெர்ரியில் சாத்தம், அங்கிருந்து பஸ். முதல் செமஸ்டர் தேர்வில் நான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கொடுத்தார்கள். கட்டுரைகள் நன்றாகப் போயின. இந்திய வரைபடத்தில் இடங்களைக் குறிக்கும் கேள்வி வந்ததும், மேற்பார்வையாளர் "அத விட்டுடும்மா" என்றார். விட்டேன். அதற்கான மதிப்பெண்ணும் போயிற்று.

முடிவு வந்ததும் தேர்வு அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி மதுரைக்காரர், நல்ல மனிதர்.

"அடுத்த தடவ மேப்புக்குப் பதிலா வேற கேள்வி குடுக்கச் சொல்லி மெயின்லேண்டு யுனிவர்சிட்டிக்கு எழுதிடுறேன்மா. உனக்கும் ஈஸி."

"ஈஸியா வேணாம் சார். எனக்கு மேப் தெரியும். கையில தட்டுப்படுற மாதிரி குடுங்க, நானே குறிக்கிறேன்."

"யாரு செஞ்சு தருவா?"

"எங்க சார்கிட்ட கேக்குறேன்."

எங்கள் புவியியல் ஆசிரியர் வங்காளி. விஷயத்தைச் சொன்னதும் "ஹோ ஜாயேகா, பேட்டி" என்றார். செய்துவிடலாம் மகளே என்று அவர் சொன்னால் செய்துவிடுவார். அபர்டீன் பஜாரில் கயிறும் நூலும் பசையும் வாங்கி, தடித்த அட்டையில் ஒட்டிக் கொண்டுவந்தார். கடற்கரை, ஆறு, மலை, மாநில எல்லை எல்லாமே அதில் இருந்தன. சிக்கெடுக்காத வலைக்குள் கையை விட்டதுபோல் இருந்தது எனக்கு. கரையும் ஆறும் போதும், மற்றதையெல்லாம் எடுத்துவிடுங்கள் என்று இந்தியில் சொன்னேன்.

அடுத்த அட்டை தெளிவாக இருந்தது. ஒடிசா கரையிலிருந்து விரலைக் கடலுக்குள் இறக்கித் தென்கிழக்கே கொண்டுபோனேன். வெறும் அட்டை.

"சார், ஹம் லோக் கஹான் ஹைன்?"

நாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்டதும் அவர் அட்டையை என் கையிலிருந்து வாங்கினார். பிறகு "அரே பாப்ரே!" என்று சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவேயில்லை. அந்தமானில் உட்கார்ந்துகொண்டு அந்தமானையே விட்டுவிட்டிருந்தார். மறுநாள் எங்கள் தீவுகள் பாசிமணிகளாக வரிசையில் ஒட்டியிருந்தன.

அதிகாரி மெயின்லேண்டுக்கு எழுதி அனுமதி வாங்கினார். அட்டையில் இடங்களைக் குண்டூசி குத்திக் குறிக்கலாம் என்றார்கள்; கூடுதல் நேரமும் கிடைத்தது. தேர்வன்று எனக்காக எழுத வந்த காமர்ஸ் மாணவிக்குத்தான் பயம்.

"அக்கா, நான் தப்பான எடத்துல ஊசி குத்திட்டா?"

"நீ குத்தவே வேணாம். நான் குத்துறேன், நீ பக்கத்துல பேர மட்டும் எழுது."

கோதாவரியை நகத்தால் தொடர்ந்துபோய், கடலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் ராஜமுந்திரிக்கு ஊசி குத்தினேன். விசாகப்பட்டினத்துக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கள் கப்பல் போகும் ஊர். கொடுத்த நேரத்துக்கு முன்பே முடித்தேன். அந்த முறை வரைபடக் கேள்வியின் மதிப்பெண்ணையும் சேர்த்துத்தான் எனக்குக் கூட்டினார்கள்.

இப்போது எனக்குக் கீழ் வகுப்பில் மங்கலான பார்வையுள்ள மாணவி ஒருத்தி படிக்கிறாள். அவளுக்குக் கயிறு தேவையில்லை. தடித்த கறுப்புக் கோடுகளில் பெரிய வரைபடம் போதும். அதை யாரும் கேட்காமலே அலுவலகம் அச்சடித்துத் தருகிறது. போன வாரம் அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அடுத்த பரீட்சைக்குப் புது அட்டை செஞ்சிருக்கோம். தடவிப் பாத்துச் சொல்லும்மா."

பார்த்தேன். "குஜராத் கரை சரியில்ல சார். திரும்ப ஒட்டச் சொல்லுங்க."

ஒட்டினார்கள்.