இன்னொரு தரம் கேட்க முடியாத படம்

ஃபர்ஹீன் போட்டோ எடுக்கிற கல்யாணங்களில் எல்லாமே இரண்டு தரம் நடக்கும். மாலை மாற்றி முடித்ததும், "மாமா, கை மறைச்சிடுச்சு, இன்னொரு தரம் போடுங்க" என்பாள். மாப்பிள்ளை மறுபடி போடுவார். தாலி முடிச்சின்மேல் கையை வைத்தபடி அசையாமல் இருக்கச் சொல்வாள். இருப்பார்கள். கடலூர் முதுநகரிலிருந்து மேல்பட்டாம்பாக்கம் வரை அவள் ஏறாத மண்டப மேடை இல்லை.

ஆனால் அவள் மனசு முழுக்க விளையாட்டுதான். கபடி, வாலிபால், ஹாக்கி, எங்கே போட்டி என்றாலும் பையைத் தூக்கிவிடுவாள். ஹாக்கிக்காக ஒடிசாவின் ரூர்கேலா வரைக்கும் முன்பதிவு இல்லாத பெட்டியில், கேமராப் பையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்தபடியே போய்வந்தவள். எந்தப் பத்திரிகையிலும் மாதச் சம்பளம் கிடையாது. கூப்பிட்டால் போவாள், கூப்பிடாவிட்டாலும் போவாள். வயது முப்பத்தொன்று.

அவளுடைய உம்மா ஷரீபாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் பலவீனமாகிவிட்டது. வாய்க்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள ஒன்றரை வருடமாக நான் அந்த வீட்டுக்குத் தினமும் காலையில் போய் இரவில் திரும்புகிறேன்.

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை. ஷரீபாவுக்குச் சிதம்பரத்தில் பிசியோதெரபி. அதே நாளில் அதே ஊரில் பெண்கள் கபடி இறுதிப் போட்டி. மூன்று பேரும் கடலூரிலிருந்து ஒன்றாகவே கிளம்பினோம். சக்கர நாற்காலியை மடக்கி பஸ்ஸில் ஏற்றி, அங்கே ஆட்டோ பிடித்து, மருத்துவமனை வேலையை முடித்துக்கொண்டு மூன்று மணிக்கு மைதானத்துக்குப் போய்விட்டோம்.

அன்றைக்கு ஃபர்ஹீனுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம் சென்னையில் ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் படப் பிரிவைப் பார்க்கும் ஸ்ரீதர். குவாஹாட்டியில் நடக்கும் தேசியப் போட்டிக்கு ஒரு போட்டோகிராபரை அனுப்பப் போகிறார். மூன்று பேருக்குச் சோதனை வைத்தார். "ஒரே ஒரு படம். அதுல மொத்த ஆட்டமும் தெரியணும். சனிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள அனுப்பு" என்று சொல்லியிருந்தார்.

"ஒரு படம்தானே, அதுக்கா இந்த ஆட்டம் ஆடற?" என்றார் ஷரீபா.

"உம்மா, கபடில யார்கிட்டயும் போயி இன்னொரு தரம் பிடிங்கன்னு கேக்க முடியாது."

"கேட்டுப் பாரேன். நாலு பேரு சேந்து உன்னைப் பிடிப்பாளுவ."

போட்டியை நடத்தியவர் சுப்புராயன். மாவட்டத்தில் எந்தக் கபடிப் போட்டி என்றாலும் மைக்கும் ரசீது புத்தகமும் அவர் கையில்தான் இருக்கும். ஃபர்ஹீனை மேட் ஓரத்தில் உட்கார விட்டதே அவர்தான். அதற்கு ஒரு நிபந்தனை. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும்போது அவள் மேடையில் நிற்க வேண்டும். அந்தப் படம்தான் அடுத்த வருடம் நோட்டீஸில் போகும். "அது மட்டும் தவறிச்சு, அப்புறம் நம்ம மேட் பக்கமே உன்னைப் பாக்கக் கூடாது" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விளையாட்டுக்குச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

பெண்ணாடம் அணிக்கும் மேல்பட்டாம்பாக்கம் அணிக்கும் ஆட்டம். ஷாமியானா பந்தலுக்குக் கீழே நீலமும் மஞ்சளுமாக மேட். ஃபர்ஹீன் நடுக்கோட்டுக்கு நேராக, வெளியே, குப்புறப் படுத்துவிட்டாள். பாடிப் போகிறவளின் முகத்தை அவள் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பாள். பின்னங்கால் பெருவிரல் அழுந்தும் கணத்தில் அழுத்தினால்தான் தொடுகை படத்தில் விழுமாம்.

முதல் பாதியில் ஒன்றும் சரியாக அமையவில்லை. இரண்டு தரம் நடுவரின் முதுகு குறுக்கே வந்தது. ஒரு தரம் பந்தல் ஓட்டையிலிருந்து விழுந்த வெயில் ஒரு பெண்ணின் முகத்தை வெள்ளையடித்துவிட்டது. இடைவேளையில் எங்களிடம் ஓடிவந்து தண்ணீர் குடித்தாள்.

"ஒண்ணும் இல்ல ஜெயராணிம்மா. ஒண்ணுமே விழல."

"இன்னும் பாதி இருக்கு. முழங்கையைத் துடை, ரத்தம் வருது" என்றேன்.

இரண்டாம் பாதியில் சத்தம் காதைப் பிளந்தது. ஷரீபா இடது கையால் நாற்காலியைத் தட்டிக்கொண்டே இருந்தார். கடைசி ரைடு. பெண்ணாடம் முப்பது, மேல்பட்டாம்பாக்கம் இருபத்தெட்டு. மேல்பட்டாம்பாக்கத்துக்காகப் பாடிப் போக ரேகா எழுந்தாள். மெலிந்த பெண், இரண்டு முட்டியிலும் பிளாஸ்திரி.

சரியாக அப்போது ஒரு கார் வந்து நின்றது. சிறப்பு விருந்தினர், அரிசி மண்டி லூர்துசாமி. விருத்தாசலத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டும், உடனே போர்த்திவிடுங்கள் என்றபடியே மேடை ஏறினார். நடுவர் வெளியூர்க்காரர். ஆட்டத்தை நிறுத்த மாட்டேன் என்று கையைக் காட்டிவிட்டார். சுப்புராயன் மைக்கில் கத்தினார்:

"போட்டோகிராபர் உடனடியாக மேடைக்கு வரவும்! ஏம்மா ஃபர்ஹீன், எங்க போயிட்ட!"

ஃபர்ஹீன் தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தாள். எழுந்திருக்க ஒரு முட்டியை ஊன்றியும்விட்டாள். ரேகா கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தாள்.

"போவாதடி!" என்று பக்கத்திலிருந்து ஷரீபா போட்ட கூச்சலில் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "துணிதானே, அது எங்க ஓடிடப் போவுது!"

ஃபர்ஹீன் மறுபடி படுத்தாள்.

ரேகா இடது மூலையில் காலை நீட்டினாள். ஒருத்தி கணுக்காலைப் பிடித்தாள். இன்னொருத்தி இடுப்பைப் பிடித்தாள். மூன்றாவது ஆளும் நான்காவது ஆளும் மேலே விழுந்தார்கள். ரேகா விழவில்லை. நான்கு பேரையும் இழுத்துக்கொண்டு "கபடி கபடி" என்று மூச்சு விடாமல் ஒரு அடி, இன்னொரு அடி வைத்தாள். பிறகு மொத்தக் குவியலும் சாய்ந்தது. அதன் அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு வந்தது. இரண்டு விரல்கள் நடுக்கோட்டைத் தாண்டின.

விசில். நான்கு புள்ளிகள். மைதானமே எழுந்துவிட்டது. பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஆளின் தோளைப் பிடித்து நானும் குதித்தேன்.

ஃபர்ஹீன் கேமராவின் திரையைப் பார்த்தாள். எழுந்து ஓடினாள், காரை நோக்கி. பொன்னாடை ஏற்கெனவே டிரைவர் கையில் மடிந்து கிடந்தது. லூர்துசாமி கதவைத் திறந்துகொண்டிருந்தார். சுப்புராயன் முகம் சிவந்து நின்றார்.

"ஐயா, ஒரே ஒரு தரம் போத்திக்குங்க ஐயா."

"போத்தியாச்சேம்மா?"

"போத்துனது படத்துல விழல ஐயா. இங்கயே, ஜெயிச்ச பொண்ணுங்களோட நின்னா மேடையவிட எடுப்பா இருக்கும்."

கல்யாண வீட்டுக் குரல் அது. மறுத்தவர்களை நான் பார்த்ததில்லை. அவரும் காரிலிருந்து விலகி நின்றார். ரேகாவையும் தோழிகளையும் இழுத்துவந்து பின்னால் நிறுத்தினாள். சுப்புராயன் பொன்னாடையை உதறி மறுபடி போர்த்தினார்.

"அண்ணே, கொஞ்சம் சிரிங்க. அவரு கழுத்தப் பிடிக்கிற மாதிரி விழுது."

பெண்கள் சிரித்தார்கள். லூர்துசாமியும் சிரித்துவிட்டார். சுப்புராயன் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். படம் நன்றாகவே விழுந்தது. கார் போன பிறகு, "அடுத்த மாசம் நெல்லிக்குப்பத்துல மேட்ச் இருக்கு, மொதல்ல மேடை, அப்புறந்தான் ஆட்டம்" என்றார். அவள் தலையாட்டினாள். அதை நம்ப வேண்டாம் என்று அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன்.

ரேகாவின் முட்டியை நான் கழுவிக் கட்டுப்போடுவதற்குள் ஃபர்ஹீன் படத்தைக் கேமராவிலிருந்து போனுக்கு மாற்றிவிட்டாள். சிக்னல் ஒரே கோடு. போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து மைதானத்தைச் சுற்றினாள். நாலு ஐம்பத்திரண்டுக்குப் படம் போய்ச் சேர்ந்தது.

பஸ் நிலையத்தில் கடலூர் வண்டிக்கு நின்றிருந்தபோது ஸ்ரீதர் கூப்பிட்டார். அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"மேல நாலு பேரு, அடியில ரெண்டு விரலு. எப்படிம்மா பிடிச்ச? சரி, வியாழக்கிழமை ரயிலு. பன்னெண்டு நாளு. வர்றியா?"

"வரேன் சார்!" என்ற பிறகுதான் உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னை என்னடி பாக்குற?" என்றார் ஷரீபா. "வாய் முந்திகிச்சுல்ல, போ. பன்னெண்டு நாளு எங்க ரெண்டு பேரு காதுக்கும் ஓய்வு."

"பன்னிரண்டு நாளும் ராத்திரியிலயும் நான் உங்க வீட்டுலயே தங்கிக்கறேன்" என்றேன். "வெளிச் சாப்பாடு வேண்டாம், காரம் ஜாஸ்தி. சமைக்க பக்கத்து வீட்டுக் கொளஞ்சியை மட்டும் வரச் சொல்லிடு."

பஸ் வந்தது. கண்டக்டர் கடலூர், கடலூர் என்று கத்தினார். சந்தோஷத்தில் ஃபர்ஹீன் உம்மாவைக் கைகளைப் பிடித்துத் தூக்கப் போனாள்.

"கையைப் பிடிக்காதே, தோள் இறங்கிடும். இடுப்பைச் சுத்திப் பிடி" என்றேன்.

பிடித்தாள். ஒரே தூக்கில் படி ஏற்றிவிட்டாள்.