பிரிக்காமலே பொட்டு வைத்த டிஸ்க்குகள்

தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில் எங்கள் ஆபீஸ். புரோகிராம் எழுத நான் ஒருத்திதான். சரஸ்வதி பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்போம். கூடவே, உறை பிரிக்காத மூன்று டிஸ்க்குகளுக்கும். புரோகிராமில் தேதி பார்க்கும் பகுதியை நாங்கள் எழுதவில்லை. வேறொரு கம்பெனி தயாராக எழுதி விற்கும் புரோகிராம் துண்டை, 'லைப்ரரி' என்பார்கள், வாங்கி எங்களுடையதோடு சேர்த்திருந்தோம். வருஷத்துக்கு ஒருமுறை அதன் திருத்திய பதிப்பை அவர்கள் டிஸ்க்கில் அனுப்புவார்கள். முதலாளி அதைப் பூஜையில் வைத்துவிட்டு பீரோவில் போட்டுவிடுவார். பிரிக்கலாம் என்று மூன்று வருஷமாகச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"ஓடிட்டிருக்கிறதுல ஏம்மா கை வைக்கறீங்க? ஏதாவது ஆச்சுன்னா உங்க வேலைதான் போகும்" என்பார்.

இரண்டாயிரமாம் வருஷம் பிறக்கச் சில மாதங்களே இருந்த பூஜையன்று, கீழ்க்கட்டளை நர்ஸிங் ஹோமிலிருந்து நர்ஸ் அக்கா போன் செய்தார். வரும் மூன்று மாதத்தில் எந்தக் குழந்தைக்கு எப்போது அடுத்த தடுப்பூசி என்ற பட்டியலை எங்கள் புரோகிராம்தான் தரும். அதைப் பார்த்துத்தான் அவர் வீடுகளுக்குக் கார்டு போடுவார்.

"இன்னாம்மா இது, ஜனவரில ஊசி போடவேண்டிய புள்ளைங்க ஒண்ணுகூட லிஸ்ட்ல இல்ல? நான் கார்டு போடலேன்னா அதுங்க அம்மாங்களுக்கு எப்படித் தெரியும்?"

பழைய லைப்ரரி வருஷத்தின் கடைசி இரண்டு எண்ணை மட்டுமே பார்க்கும். இரண்டு சைபரைக் கண்டதும் 1900 என்று நினைத்து, எப்போதோ முடிந்த தேதி என்று அந்தக் குழந்தைகளைத் தள்ளிவிட்டது.

முதலாளியிடம் சொன்னேன். "பூஜையில வச்சதைத் தொடக்கூடாது. லிஸ்ட்டை நாளைக்குக் கையால எழுதிக் குடுத்துடலாம்" என்று பொரிப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுக் கிளம்பினார். பீரோவில் சாவி தொங்கியது.

சரஸ்வதி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், கையால் எழுதுவதில் ஒரு பெயர் விட்டுப்போய் அந்தக் குழந்தைக்கு அம்மை வந்தால் யார் பதில் சொல்வது? பழைய புரோகிராமை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, சந்தனம் காய்ந்த உறைகளைக் கிழித்தேன். கடைசி டிஸ்க்கை நேராகப் போட்டதும் திரை முழுக்கப் பிழைகள். மூன்று வருஷச் சோம்பேறித்தனத்தை ஒரே தாவலில் தாண்ட முடியுமா? முதல் டிஸ்க்கிலிருந்து ஒவ்வொரு பதிப்பாக ஏறி, மாறியதையெல்லாம் திருத்தினேன். திருத்தத் திருத்தப் பிடிவாதம்தான் கூடியது. சாயங்காலம் பிரிண்டரில் ஜனவரிக் குழந்தைகள் ஒருவர் விடாமல் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் கிழிந்த உறைகளை முதலாளி பார்த்தார்.

"யாரைக் கேட்டும்மா பிரிச்சீங்க?"

"யாரையும் கேக்கல சார். மூணு வருஷம் கேட்டாச்சு."

"வேலை வேணாமா?"

"வேணும். பழைய புரோகிராமும் பத்திரமா இருக்கு. விட்டுப்போன கொழந்தைங்களோட அம்மாங்ககிட்ட நீங்களே பேசறீங்கன்னா சொல்லுங்க, பழையதையே போட்டுடறேன்."

அவர் மேசையிலிருந்த பட்டியலை எடுத்து ஜனவரிப் பெயர்களை விரலால் எண்ணினார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கீழ்க்கட்டளைக்கு பஸ் ஏறினேன். நர்ஸ் அக்கா அன்றைக்கே கார்டு எழுத உட்கார்ந்தார்.

அடுத்த வருஷமும் டிஸ்க் வந்தது. பிரித்து, புரோகிராமில் சேர்த்து, பட்டியல் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே பூஜையன்று முதலாளியிடம் நீட்டினேன்.

"இப்ப பொட்டு வைங்க சார்."