குழலில் பழைய துரு

ஒருவர் என்னை நம்பிக் கொடுத்துவைத்த துப்பாக்கியைத் துருப்பிடிக்க விட்டேன். அது கவனக்குறைவு. பிறகு, வரும்போதே அது துருவோடுதான் வந்தது என்று அவருடைய ரசீதில் நானே ஒரு வரியைச் சேர்த்து எழுதினேன். அது குற்றம். எனக்கு இப்போது எழுபத்து மூன்று வயது. இந்த இரண்டாவது காரியத்தைப் பற்றி என் வீட்டில் இன்னும் முழுதாகச் சொன்னதில்லை.

தாம்பரத்தில் எங்களுக்கு உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை இருந்தது. மாமனார் நடத்திய கடை. நான் வேதியியலில் முதுகலை படித்து, சில ஆண்டுகள் கல்லூரியில் பாடமும் நடத்தியவன். அவர் படுத்த படுக்கையான பிறகு கடைக்கு வந்து உட்கார்ந்தேன். விற்பனை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தேர்தல் அறிவித்தால் மட்டும் கடை நிறையும். உரிமம் உள்ளவர்கள் தங்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் ரசீதைக் கொடுத்துத் திரும்பப் பெற வேண்டும். இந்தப் பக்கத்துப் பழைய கிராமக் குடும்பத்தார் பலர் கொண்டுவருவார்கள். ஒரு காலத்தில் வயலுக்கு வரும் பன்றியைச் சுட வாங்கியது. வயல் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. துப்பாக்கி மட்டும் குடும்பப் பெருமைக்காக இருந்தது. அவர்கள் அதை உறையிலிருந்து வெளியே எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை.

இன்னொரு வகையினர் கன்மேன்கள். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, சொந்தத் துப்பாக்கியோடு நகைக்கடை வாசலில் நிற்பவர்கள். துப்பாக்கி இருந்தால் கன்மேன், இல்லாவிட்டால் வாட்ச்மேன். சீருடை, சம்பளம், நாற்காலி எல்லாமே அந்த ஒன்றைப் பொறுத்தது.

நான் சொல்ல வந்தவர் அப்படிப்பட்டவர். பொழிச்சலூர்க்காரர். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர் என்பதால் கடையில் எல்லோரும் அவரை ஹவில்தார் என்றே கூப்பிட்டோம். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கி பழையதுதான். ஆனால் குழலை மடக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் உள்ளே கண்ணாடி போல இருக்கும். ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்களிடம்தான் கொடுப்பார்.

கடையின் பின்னால் இருந்த இரும்புக் கதவு அறையில்தான் துப்பாக்கிகளை வைப்போம். சன்னல் கிடையாது. மழைக்காலத்தில் பின்சுவர் வியர்க்கும். அதற்காக மாமனார் ஒரு முறை வைத்திருந்தார். துப்பாக்கிகளை உறையிலிருந்து எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, மரச் சட்டத்தில் நிறுத்திவைப்பார். தரைக்கு அரை அடி உயரத்தில் ஒரு நூறு வாட் குண்டு பல்பு இரவும் பகலும் எரியும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி துடைத்து, கதவின் உட்புறம் ஒட்டிய தாளில் கையெழுத்துப் போடுவார்.

இது நடந்த ஆண்டு நான் கடை முழுவதும் எல்இடி பல்புகளை மாட்டினேன். அந்த அறையிலும் மாட்டினேன். வெளிச்சம் முன்பைவிட நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பல்பு அங்கே வெளிச்சத்துக்காக எரியவில்லை, அறையின் ஈரத்தை உலர்த்துவதற்காக எரிந்தது என்பது வேதியியல் படித்த எனக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி மழையோடு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஒரே வாரத்தில் நாற்பதுக்கு மேல் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. ஹவில்தார் தன்னுடையதைத் தானே உள்ளே கொண்டுபோய் வைப்பது வழக்கம். அன்று அறை வாசலிலேயே நின்று கீழே பார்த்தார்.

“இன்னா சார், பல்ப மாத்திட்டீங்க?”

கரண்ட் மிச்சமாகும் என்றேன்.

“இது சூடு தராது சார். பழசையே போட்டுடுங்க. அப்புறம், என்னுத மட்டும் ஒறையில போடாதீங்க. ஒறை ஈரத்தக் குடிச்சிகினே கீது, உள்ள கீற இரும்புதான் சாவும்.”

சரி சரி, பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அவ்வளவு துப்பாக்கிகளையும் உறையிலிருந்து எடுத்தால் எது யாருடையது என்று சீட்டு கட்ட வேண்டும். உறைகளில் ஏற்கெனவே பெயர்ச் சீட்டு இருந்தது. எல்லாவற்றையும் உறையோடு அடுக்கினேன். அவர் தன் உறையைக் கையில் எடுத்துப் போயிருந்தார். சட்டத்தில் இடம் போதாததால் அவருடையதை வேறொரு ரெக்ஸின் உறைக்குள் நானே நுழைத்து, ஈரச் சுவரின் ஓரமாகச் சாய்த்துவைத்தேன்.

அதன்பின் ஐந்து வாரம் அந்தக் கதவைத் திறக்கவில்லை. மழை, தெருவில் தண்ணீர், முழங்கால் வலி என்று எனக்குக் காரணங்கள் இருந்தன. தேர்தல் முடிந்து கதவைத் திறந்த அன்று முதல் வேலையாக உள்ளே இருந்த தாளில் விட்டுப்போன கையெழுத்துகளை எல்லாம் போட்டேன். பிறகுதான் அறைக்குள் போனேன். ஊறிய துணியின் வாடை அடித்தது.

மூன்று துப்பாக்கிகள் மோசமாகியிருந்தன. இரண்டு நிலக்காரர்களுடையவை, அவர்கள் பார்க்கப்போவதில்லை. மூன்றாவது ஹவில்தாருடையது. மரக்கட்டையில் வெள்ளைப் பூஞ்சை. குழலின் வெளிப்பக்கம் செம்பழுப்பாக வரிவரியாகப் பொரிந்திருந்தது. உள்ளே அம்மைத் தழும்பு போலப் புள்ளிகள். இரண்டு நாள் மண்ணெண்ணெயும் ஸ்டீல் வுல் என்கிற இரும்பு நாரும் வைத்துத் தேய்த்தேன். துரு போயிற்று, அதோடு இரும்பின் மேலிருந்த நீலக் கறுப்புப் பூச்சும் போயிற்று. உள்ளே விழுந்த குழிகள் போகவில்லை. அவை போகாது. இரும்பு தின்னப்பட்டுவிட்டால் தின்னப்பட்டதுதான்.

அவரிடம் உண்மையைச் சொல்லலாம் என்று ஒரு கணம்கூட நினைக்கவில்லை என்று எழுதினால் அது பொய். நினைத்தேன். சொன்னால் அவர் புகார் கொடுப்பார், உரிமம் போகும், மாமனார் காலத்துக் கடை என் கையில் முடியும் என்றும் நினைத்தேன்.

அவர் காலை பத்து மணிக்கு வந்தார். முறைப்படி முதலில் ரசீதைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ரசீதுப் புத்தகத்தில் இருந்த நகலின் மேல் அவருடைய தாளைச் சரியாகப் பொருத்தி, ‘குழலில் பழைய துரு உள்ளது’ என்று எழுதினேன். நகலிலும் பதிய வேண்டும் என்று நடுவில் கார்பன் வைக்கக்கூட மறக்கவில்லை.

துப்பாக்கியை நன்றாக எண்ணெய் பூசிக் கொண்டுவந்து கொடுத்தேன். என்னை நம்பி முதலில் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். பிறகு குழலை மடக்கி வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். நெடுநேரம் இறக்கவே இல்லை. வலது குழல், இடது குழல், மறுபடி வலது.

“சார், இது என்னுதுதானா?” என்றார்.

அதில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் பாருங்கள் என்றேன். பிறகு ரசீதை அவர் முன் வைத்தேன். வரும்போதே இருந்தது, அன்றைக்கே எழுதியிருக்கிறேனே, நீங்கள் படிக்கவில்லையா என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் அலுப்பைக்கூடச் சேர்த்துக்கொண்டேன்.

அந்த வரியை விரலால் தொட்டார். மை விரலில் ஒட்டியிருக்கலாம்; அவர் அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்தேன் சார். காஷ்மீர் பனி, அஸ்ஸாம் மழை எல்லாம் பாத்தாச்சு. ஒரு நாள் கூட துருன்னு பேர் வாங்கல.”

துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த மாதம், அவரை நகைக்கடைக்கு அனுப்பிய பாதுகாப்பு ஏஜென்சி துப்பாக்கிகளைச் சோதித்தது. அவருடையது தேறவில்லை. என் கடை ரசீதைக் கேட்டார்கள். நான் நகலைக் கொடுத்தேன். ஆயுதத்தைப் பராமரிக்காதவர் என்று எழுதி அவரைக் கன்மேன் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வேலை இல்லாமல் உரிமத்தைப் புதுப்பிக்க முடியவில்லை. துப்பாக்கியையும் அரசிடம் ஒப்படைத்துவிட்டார். இவ்வளவையும் மற்றொரு கன்மேன்தான் சொன்னார். முன்னாள் படைவீரர் சங்கத்தில் அவருக்குத் ‘துரு ஹவில்தார்’ என்று பெயர் வைத்துவிட்டதாகவும், அவர் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு ஆண்டு கழித்துப் பொத்தேரியில் ஓர் உறவினரின் அடுக்குமாடிக்குப் போனேன். கேட்டில் கையில் தடியோடு ஹவில்தார் நின்றார். கல்லூரி மாணவர்கள் சிலர் மோட்டார் சைக்கிளில் வந்து, கேட்டைச் சீக்கிரம் திறக்கச் சொல்லி, “இன்னா மிலிட்டரி, தூங்கிட்டியா?” என்று கத்திவிட்டுப் போனார்கள். அவர் திறந்தார். பிறகு என் வண்டிக்கும் திறந்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. நேராக நின்று சல்யூட் அடித்தார். கேலியாகவா, பழக்கத்திலா என்று எனக்குத் தெரியவில்லை. எந்த வீட்டுக்கு என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரம் நடந்ததை நடந்தபடி இரண்டு கடிதங்களாக எழுதினேன். ஒன்று உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு, மற்றொன்று ஏஜென்சிக்கு. விசாரணை வந்தது, அதற்கு முன்பே கடை உரிமத்தை ஒப்படைத்தேன். ஏஜென்சி மேலாளர் கடிதத்தைப் படித்துவிட்டு, இப்போது அவருக்கு வயது கடந்துவிட்டது சார், ஒன்றும் செய்ய முடியாது என்று மரியாதையாகச் சொன்னார்.

கடித நகல்களோடு பொழிச்சலூருக்குப் போனேன். அவர் மனைவி நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். ஹவில்தார் நின்றபடியே இரண்டையும் படித்தார். என்னால் எது முடியுமோ செய்கிறேன், கேளுங்கள் என்றேன். அந்த அம்மாள்தான் முதலில் பேசினார்.

“அன்னிக்கே சொன்னாரு சார், அந்த மை காயவே இல்லன்னு. நான்தான் நம்பல. வயசாயிடுச்சு, நீயே தொடைக்க மறந்துட்டிருப்பன்னு சொன்னேன்.”

ஹவில்தார் கடிதங்களை மடித்து என்னிடமே கொடுத்தார். “எனக்கு எதுக்கு சார் இது. எனக்குத்தான் தெரியுமே. ஞாயித்துக்கிழம சங்கத்துல கூட்டம் கீது. அங்க வந்து படிங்க.”

போனேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர் கடைசி வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தார். நான் நின்று கடிதத்தைப் படித்தேன். கார்பன் வைத்த இடம் வந்தபோது ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார். மற்றவர்கள் அவரை அடக்கினார்கள். படித்து முடித்தேன். கேலிப்பெயரைச் சொல்லிச் சிரித்த அந்தக் கன்மேன் எழுந்து பின்வரிசைக்குப் போய், அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இன்னொருவர் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தார்.

வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் வெளியே வந்தார். அவர் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

“வந்து சொன்னீங்க. சரி,” என்றார். “இனிமே வூட்டுப் பக்கம் வராதீங்க சார். அவ ஒங்களுக்குத் தண்ணி குடுத்தது எனக்குப் புடிக்கல.”

உள்ளே அவரை யாரோ கூப்பிட்டார்கள், ஹவில்தார் என்று மட்டும். அவர் திரும்பிப் போனார். நான் பேருந்துக்கு நடந்தேன். அதன்பின் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. பொத்தேரி உறவினர் அழைத்தாலும் ஏதாவது சாக்குச் சொல்லிவிடுகிறேன். ஹவில்தார் இன்னும் அந்தக் கேட்டில்தான் நிற்கிறார் என்று கேள்வி.