பக்கத்து வீட்டுப் பையன் என்று எழுதிய சிம்ரா

சிம்ரா என்ற பெயரை நான் முதலில் கேட்டது ராயப்பேட்டையில், பிரசவ ஆஸ்பத்திரி வாசலில். என் தங்கை அஸ்மத்துன்னிசாவின் புருஷன் ஹபீபுர் ரஹ்மான், ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையிலிருந்து எண்ணெய்க் கையோடு ஓடி வந்து, "ரெண்டாவதும் பொண்ணுக்கா, சிம்ரான்னு வச்சிட்டேன்" என்றார். எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லாத பேர். முகம் சுளித்தேன்.

அவளுக்குப் பிறகு ஜீஷான் பிறந்தான். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்றார்கள். அவனுக்குச் சோறு ஊட்ட சிம்ராவால்தான் முடியும்.

போன வருஷம் மூத்தவள் ஆயத்தைப் பெண் பார்க்க தி.நகரிலிருந்து வந்தார்கள். ஜீஷானை அடுக்களையில் வைத்துக் கதவைச் சாத்துவது என் பொறுப்பு. எப்படியோ வெளியே வந்துவிட்டான். தட்டிலிருந்த பிஸ்கட்டையெல்லாம் எடுத்துத் தரையில் வரிசையாக அடுக்கினான்.

"யாருங்க இந்தப் புள்ள?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

என் வாய்தான் முந்தியது. "பக்கத்து வூட்டுப் பையன்ங்க. எப்பவும் இங்கதான் ஆடிக்கினு இருப்பான்."

சர்பத் தட்டோடு நின்ற சிம்ராவும் தலையை ஆட்டினாள். சம்பந்தம் முடிவானது.

அந்த மாதமே சிம்ரா மேல்படிப்புக்கு இரண்டு இடத்தில் மனுப் போட்டாள். "அடையாறுல, இந்த மாதிரிப் புள்ளைங்களுக்கு வகுப்புல எப்படிச் சொல்லித் தர்றதுன்னு படிப்பு. கொட்டிவாக்கத்துல, ஒவ்வொரு புள்ளயும் ஏன் கத்துது, ஏன் அடிக்குதுன்னு பாத்து எழுதி, அத மாத்துற படிப்பு."

"எதுடி ஒசத்தி?"

"ரெண்டும் வேணும் பெரிம்மா. எனக்கு வகுப்புதான் புடிக்கும்."

ஏன் படிக்க விரும்புகிறாய் என்று இரண்டு மனுவிலும் கேள்வி. சம்பந்தி வீட்டுக்குச் சேதி எட்டிவிடுமோ என்ற பயத்தில், பக்கத்து வீட்டில் ஒரு பையன் இருக்கிறான் என்றே எழுதினாள். கொட்டிவாக்கத்தில் ஒன்றும் கேட்காமல் இடம் கொடுத்தார்கள். அடையாறில் ஒரு டீச்சரம்மா, "அந்தப் பையன் எப்படிச் சாப்பிடுவான்?" என்று கேட்டாராம்.

இவள் சொல்லியிருக்கிறாள்: ரசம் தனிக் கிண்ணத்தில் வேண்டும், சோற்றில் படக்கூடாது, மூன்றாவது வாயில் எழுந்து ஓடுவான், ஜன்னலோரம் போய்த்தான் நாலாவது வாய்.

"பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு நாலாவது வாய் வரைக்குமா தெரியும்? யாரும்மா அவன்?"

அந்த அம்மா திட்டவில்லையாம். உள்ளதை எழுதிக்கொண்டு வா, திங்கட்கிழமை வரை இடம் இருக்கும் என்றாராம்.

வீட்டுக்கு வந்து, "எழுதட்டா?" என்று கேட்டாள். அஸ்மத்து அழுதாள். ஹபீபுர் ரஹ்மான் தரையைப் பார்த்துக்கொண்டே, "கொட்டிவாக்கத்துலதான் ஒண்ணும் கேக்கலியேம்மா" என்றார்.

"அத்தா, அவன் என் தம்பி."

"நிக்காஹ் முடியட்டும்டி, அப்பால சொல்லிக்கலாம். அக்கா வாழ்க்கையில மண்ணப் போடாத" என்றேன். மற்றவர்கள் தயங்கினார்கள், நான் தயங்கவில்லை. ஜீஷான் அங்கேதான், அவள் முந்தானையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

திங்கட்கிழமை அடையாறுக்குப் போன் போட்டு, "வரல மேடம்" என்றாள். அன்றிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்க எனக்குக் கூசுகிறது.

ஆயத்தின் நிக்காஹ் நடந்து எட்டு மாதமாகிறது. சம்பந்தி வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சிம்ரா கொட்டிவாக்கத்தில் முதல் வருஷம் படிக்கிறாள்.