சார்ஜரோடு சேர்த்து என்ன எடை?

அது ஒரு சனிக்கிழமை, மழை பிடித்த முதல் வாரம். தேதியும் எனக்குத் தெரியும். அன்று கடைக்கு வந்தவர்கள் வீட்டுத் துக்கத்தை ஒட்டிய தேதி என்பதால் இங்கே எழுதவில்லை.

செம்பூரில் ஒரு லேப்டாப் கடையில் நெடுங்காலம் கவுன்ட்டரில் நின்றவன் நான். காலேஜ் அட்மிஷன் சமயத்தில் வருகிற பிள்ளைகள் எல்லோரும் ஒன்றையே கேட்பார்கள்: காலேஜ் வேலை நடக்க வேண்டும், ஓரளவு கேமும் ஓட வேண்டும், தூக்கிப் போகவும் சுளுவாக இருக்க வேண்டும். கேம் நன்றாக ஓட கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கார்டு இருந்தால் சூடு வரும், சூட்டைத் தள்ளப் பெரிய ஃபேன் வேண்டும், கனம் ஏறும். எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

அன்று தாராவியிலிருந்து ஓர் அம்மாவும் மகனும் வந்தார்கள். அம்மா பை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவர். மகன் ஜெபாவுக்கு நெருளில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. அவன் நேராகப் போய்ப் பதினைந்தரை இன்ச் கேமிங் மெஷின் முன்னால் நின்றான்.

"அண்ணாச்சி, இது என்ன கனம்?" என்றார் அம்மா.

"ரெண்டு கிலோ முந்நூறும்மா."

"சார்ஜரோடயா?"

ஸ்பெக் ஷீட்டில் இருக்கும் எடையில் சார்ஜர் சேராது. கேமிங் மெஷினின் சார்ஜர் செங்கல் மாதிரி இருக்கும், தனியாக அரைக் கிலோவுக்கு மேல். சொன்னேன். அவர் இரண்டையும் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். பக்கத்தில் இருந்ததையும் தூக்கினார். அதற்கடுத்ததையும்.

"மம்மி, வெங்காயமா வாங்குறோம்? க்யா மம்மி, எல்லாரும் பாக்குறாங்க."

"உங்கண்ணன் பை என்ன கனம்னு அன்னைக்கு நான் கேக்கலியேலே."

ஜெபா மறுபடியும் கேமிங் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு என்னிடம் அந்த அம்மாவே சொன்னார். மூத்தவன் குர்லாவில் மாறி ஹார்பர் லைன் ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கூட்டத்தில் கதவோரம் நின்றிருக்கிறான். முதுகில் பை, அதற்குள் ஆபீஸ் லேப்டாப். மான்குர்த் ஸ்டேஷன் தாண்டிப் பை ஒரு கம்பத்தில் தட்டி, ஆளையும் வெளியே இழுத்துவிட்டது. தம்பி இனிப் போகப்போவதும் அதே லைன்.

கொண்டு வந்திருந்த புதுப் பையை கவுன்ட்டரில் வைத்தார். இவரே தைத்தது. முதுகில் மாட்ட வராதபடி வார்களைக் குறுக்கித் தைத்திருந்தார். மார்பில்தான் தொங்கும். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், ரெண்டு புத்தகம், எல்லாம் உள்ளே இருந்தன. லேப்டாப் வாங்கும் முன்பே பையைத் தைத்துவிட்டார். கேமிங் மெஷினை வைத்துப் பார்த்தார். ஜிப் மூடவில்லை.

நான் பதினான்கு இன்ச்சில் ஒன்றை எடுத்தேன். ஒன்றேகால் கிலோ, போன் சார்ஜர் அளவுக்குச் சின்ன சார்ஜர், பதினாறு ஜிபி ராம். தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, கேம் ஆட வராது என்றும் சொன்னேன். பையில் சரியாக உட்கார்ந்தது.

அதற்குள் ஜெபா பெரிய மெஷினில் டெமோவுக்குப் போட்டிருந்த கார் ரேஸை ஆட ஆரம்பித்திருந்தான். ஒரு திருப்பத்தில் கார் போய்ச் சுவரில் மோதியது. "ஆயிலா!" என்று கத்திச் சிரித்தான். அம்மா சட்டென்று திரும்பினார். பையை அப்படியே விட்டுவிட்டு, அவன் ஆடி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

"அதையே குடுங்க அண்ணாச்சி."

"ஏம்மா, கனம்னீங்களே?"

"சிரிக்கான்லா. அண்ணனும் தம்பியுமா ராத்திரி கத்திக்கிட்டே ஆடுவானுவ, நான் ஏசுவேன். இப்போ வீட்டுல சத்தமே இல்ல. நான் வேற பை தச்சுக்கிடுதேன்."

ஜெபா கன்ட்ரோலரைக் கீழே வைத்தான். "எனக்குச் சின்னதே போதும் மம்மி."

"ஆட வராதுன்னாரே?"

"வரும். பாரு." அதே கேமைச் சின்னதில் போடச் சொன்னான். போட்டேன். கார் விக்கி விக்கி ஓடியது. அவனே செட்டிங்ஸில் போய் ரெசல்யூஷனைக் குறைத்தான், நிழல், மழை எல்லாவற்றையும் அணைத்தான். ஓரளவு சீராக வந்தது.

"அண்ணாச்சி, நெசமாவே ஓடுதா?"

ஜெபா என்னைப் பார்த்தான்.

"ஓடுதும்மா. படம் கொஞ்சம் மங்கலா இருக்கும்."

"மங்கலா இருந்தா பரவால்லியாலே?"

"பரவால்ல மம்மி. ரோடு தெரியுதுல்ல."

ஒரு ரேஸ் முழுக்க ஆடிக் காட்டினான், முதலாவதாக வந்தான். சிரிக்கவில்லை. அம்மா திரையைப் பார்க்கவே இல்லை, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, பில்லு போடுங்க" என்றார்.

கவுன்ட்டருக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். எடை கேட்டால் சார்ஜரையும் சேர்த்துச் சொல்லுங்கள். யாராவது ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றால் அவசரப்படுத்தாதீர்கள். ஒரு ஸ்டூலை எடுத்துப் போடுங்கள்.