நல்ல ரத்தம்

தமிழ்த் தட்டச்சில் ஹையர் முடித்தபோது லூர்துராணிக்கு இருபத்து மூன்று வயது. அந்த வருஷமே ஸ்ரீரங்கத்தில் பத்திரம் எழுதும் பீமராவிடம் வேலைக்குச் சேர்ந்தாள். ஐம்பத்திரண்டு வயது வரை அங்கேதான் இருந்தாள். தட்டச்சு மெஷின் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பீமராவுக்குக் கண்ணில் புரை வந்து, அறுத்து, மறுபடி பார்வை தெளிந்தது. அவள் நாற்காலி மட்டும் மாறவில்லை. அவள் அடித்த பத்திரத்தில் ஒரு கால்புள்ளி தப்பாது என்று ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். பீமராவ் முதலில் பத்து வருஷம் ஒவ்வொரு பக்கத்தையும் படித்துப் பார்த்தார். அப்புறம் படிப்பதை விட்டுவிட்டார்.

மேலப்புதூரில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு மாடி போர்ஷனில் அவள் குடியிருந்தாள். கல்யாணம் கூடி வரவில்லை. அம்மா வியாகுலம்மாள் கூட இருந்தார். கடைசிப் பத்து வருஷம் அவருக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை. அம்மா போன பிறகு லூர்துராணி தனி ஆள். தம்பி பாக்கியநாதன் கைலாசபுரத்தில், தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் அங்கே தங்குவாள். தம்பி மனைவி அடுப்படியில் சிரித்துக்கொண்டே சொல்வாள்: "எங்க அண்ணிக்குத் தலையணை கண்டாப் போதும். குறட்டையில கதவே ஆடும். மனசுல கள்ளம் இல்லாதவங்கதான் அப்படித் தூங்குவாங்க."

ஆனால் அந்தத் தூக்கம் தூக்கமாகவே இல்லை என்பது அவளுக்குத்தான் தெரியும். நாற்பத்தைந்து தாண்டியதிலிருந்து காலையில் எழும்போதே தலை இரண்டாகப் பிளக்கிற மாதிரி வலிக்கும். வாய் உலர்ந்து கிடக்கும். எட்டு மணி நேரம் படுத்து எழுந்தவளுக்கு மூட்டை சுமந்தவள் போல் உடம்பு அசந்திருக்கும். ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் உட்கார்ந்தால் காவேரிப் பாலம் வருவதற்குள் தலை சாய்ந்துவிடும். ஸ்ரீரங்கத்தில் கண்டக்டர் வந்து கம்பியில் தட்டுவார். "இறங்குங்கம்மா, வண்டி திரும்பப் போகுது."

பாவசங்கீர்த்தனத்தில் ஒவ்வொரு மாதமும் அவள் ஒரே பாவத்தைச் சொன்னாள். "சோம்பலா இருந்தேன், சாமி." சோம்பல் ஏழு தலையான பாவங்களில் ஒன்று. சாமியார் அருள் நிறை மரியே ஜெபத்தை மூன்று தடவை சொல்லச் சொல்வார். சொல்லும்போதே அவளுக்குக் கண் சொருகும். வெளியே வந்து அதற்காகவும் வெட்கப்படுவாள்.

தெருமுனை டாக்டர் கையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "ரத்தம் குறைஞ்சிருக்கும், இந்த வயசுல எல்லா லேடீஸுக்கும் உண்டு" என்று பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். லேபில் ரத்தம் எடுத்த ஷரபுன்னிசாவே ரிப்போர்ட்டை நீட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஹீமோகுளோபின் பதினாறு புள்ளி எட்டுக்கா. பொம்பளைங்களுக்குப் பன்னெண்டு வந்தாலே நாங்க சந்தோஷப்படுவோம். என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணும் இல்லம்மா. ரசஞ்சோறுதான்."

"அப்ப ஆண்டவன் குடுத்தது. நல்ல ரத்தம்."

டாக்டரும் அதையேதான் சொன்னார். தைராய்டு சரி, சர்க்கரை ஓரத்தில் நிற்கிறது, ரத்தம் முதல்தரம். சத்து மாத்திரை எழுதினார். வருஷத்துக்கு ஒரு தடவை அவள் போனாள். ஒவ்வொரு தடவையும் எண் கொஞ்சம் ஏறியிருந்தது, ஒவ்வொரு தடவையும் பாராட்டினார்கள். உடம்பில் கோளாறு இல்லை என்றால் கோளாறு தன் குணத்தில்தான் என்று அவள் முடிவுக்கு வந்தாள். ஆறு ரிப்போர்ட்டையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்தாள்.

மதுரைவீரன் உப்பிலியபுரத்திலிருந்து வந்தவர். பச்சமலை அடிவாரத்தில் இருந்த இரண்டு ஏக்கரை விற்றுவிட்டு, டவுனில் மகள் குடும்பத்துக்கென்று கொள்ளிடக் கரைப்பக்கம் ஒரு மனை வாங்கினார். மனை எண் பதினேழு. அதே இடத்தில் பத்தொன்பதாம் மனைக்கு மூன்று மாதத்துக்கு முன் லூர்துராணி ஒரு பத்திரம் அடித்திருந்தாள். அந்தக் கோப்பைத் திறந்து பெயர், தகப்பன் பெயர், தேதி எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே வந்தாள். சொத்து விவரம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. மதியம் மூன்று மணி. அங்கே வரும்போது தூங்கிப்போனாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. விழித்தபோது பீமராவ் வாசலிலிருந்து, "ஆயிடுச்சா ராணி, பார்ட்டி நிக்கிறாங்க" என்றார். அவள் பிரிண்ட் கொடுத்தாள்.

பழைய மனையின் எண்ணும் அதன் நான்கு எல்லைகளும் அப்படியே அச்சாகிப் பதிவும் ஆயின. மனைகள் எல்லாம் ஒரே சர்வே எண்ணில் இருந்ததால் யாருக்கும் தட்டுப்படவில்லை. மதுரைவீரனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. ஐந்து மாதம் கழித்து வீடு கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டப் போனபோதுதான், அவர் காகிதத்தில் வாங்கியிருந்தது வேறொருவரின் மனை என்று தெரிந்தது. அதற்குள் விற்றவர் மாரடைப்பில் போய்விட்டார். திருத்தல் பத்திரம் எழுதிக் கொடுக்க அவர் மகன்கள் மறுத்தார்கள். பிறகு பதினேழாம் மனையை வேறு ஆளுக்கு விற்றும்விட்டார்கள்.

மதுரைவீரன் ஆபீசுக்கு வந்து கத்தவில்லை. துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நீங்கதான் எழுதுனது, நீங்களே எதாச்சும் பண்ணுங்க" என்று மட்டும் சொன்னார். அன்று பகல் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

அவர் போன பிறகு பீமராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தூங்கிட்டீங்களா?"

"ஆமா சார்."

"நான் பாத்திருக்கேன். பல தடவை. வயசாகுதுன்னு விட்டுட்டேன். படிச்சுப் பாக்காம கையெழுத்துப் போட்டது என் தப்பு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நாளைலேருந்து வேண்டாம் ராணி."

அவள் விசைப்பலகையின் மேல் துணியைப் போர்த்திவிட்டு இறங்கினாள்.

அடுத்த வருஷம் மாதா கோயில் பங்கு மண்டபத்தில் ஒரு மருத்துவக் கல்லூரிக்காரர்கள் முகாம் போட்டார்கள். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் யாருக்கு இருக்கலாம் என்று ரத்தத்தை வைத்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற ஆய்வு அது. தெருவில் இருந்தவர்களோடு சேர்ந்து அவளும் போனாள். டாக்டர் யமுனா, முப்பது வயது இருக்கும், கேள்வித்தாளோடு எதிரில் உட்கார்ந்தாள்.

"குறட்டை விடுவீங்களாம்மா?"

"விடுவேன்னு தம்பி வீட்டுல சொல்லுவாங்க."

"தூக்கத்துல மூச்சு நின்னு, திணறி எழுந்துக்கிறத யாராவது பாத்திருக்காங்களா?"

"பாக்குறதுக்கு வீட்டுல யாரும் இல்லையே டாக்டர்."

யமுனா அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டாள். "பரவாயில்ல. தனியா இருக்கிறவங்களுக்காகத்தான் ரத்தமும் பாக்குறோம்."

ஒரு வாரத்தில் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஹீமோகுளோபின் பதினேழைத் தாண்டியிருந்தது. பைகார்பனேட் என்ற ஒன்றும் ஏறியிருந்தது. யமுனா மெதுவாகச் சொன்னாள்: "தூங்கும்போது தொண்டை அடைச்சுக்குது. ஆக்சிஜன் இறங்குது. அத ஈடுகட்ட ஒடம்பு சிவப்பணுவக் கூட்டிக்கிட்டே போகும். காத்து சரியா வெளிய போகாததால இந்த இன்னொண்ணும் ஏறும். இத மட்டும் வச்சு நோய்னு முடிவு கட்ட முடியாதும்மா, சந்தேகப்படத்தான் முடியும். தூங்கும்போது ஒரு டெஸ்ட் வச்சாத்தான் உறுதி."

விரலில் ஒரு கிளிப், மார்பில் ஒரு பட்டை. மணிக்கு ஐம்பத்திரண்டு தடவை மூச்சு நின்றிருந்தது. பிறகு எடுத்த எக்கோவில் இதயத்தின் வலது பக்கம் வீங்கியிருந்தது தெரிந்தது. லூர்துராணி பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தாள். யமுனா ஆறு காகிதங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.

"இத டாக்டர் யாரும் பாக்கலையா?"

"பாத்தாங்க. நல்ல ரத்தம்னாங்க."

யமுனா காகிதங்களை ஓரம் சேர்த்து அடுக்கினாள். மறுபடி அடுக்கினாள்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா?" என்று லூர்துராணி கேட்டாள்.

"அப்பவே மூச்சுக்கு மெஷின் வச்சிருந்தா இதயம் இவ்வளவு கெட்டிருக்காதும்மா."

"நான் இதயத்தக் கேக்கல டாக்டர்."

மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு காற்று மெஷினை ஆய்வுக்காரர்களே இரவல் கொடுத்தார்கள். நாலாம் நாள் காலை அவள் தலைவலி இல்லாமல் எழுந்தாள். கண்ணுக்குப் பின்னால் எட்டு வருஷமாக இருந்த பாரம் இல்லை. சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. ஆனால் தெளிந்த தலையில் முதலில் வந்து நின்றது அந்த மூன்று மணிதான். திரையில் கடைசிப் பக்கம், கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது, அவள் கண் மூடுகிறது. இப்போது அதை அவளால் நன்றாகப் பார்க்க முடிந்தது. பகல் முழுக்க விழித்திருந்து பார்த்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு துறையூர் போய், அங்கிருந்து உப்பிலியபுரத்துக்கு பஸ் பிடித்தாள். மதுரைவீரன் தான் விற்ற அதே நிலத்தில் கூலிக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார். அவரும் மனைவி வீரம்மாளும் கையைக் கழுவிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தார்கள். சொம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். லூர்துராணி எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு நின்றது, ரத்தம் கெட்டியானது, தனக்கே தெரியாமல் தூங்கியது.

மதுரைவீரன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கெட்ட எண்ணத்துல பண்ணலன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்மா. தெரிஞ்சு என்ன பண்றது."

வீரம்மாள் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இத கோர்ட்டுல காட்டுனா எங்க எடம் வந்துருமா?"

"வராதுங்க."

"அப்ப எதுக்கு இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க?"

வீரம்மாள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். லூர்துராணி காகிதங்களை வாங்கி மறுபடி உறைக்குள் போட்டாள். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று மதுரைவீரன்தான் எழுந்தார்.

ஆய்வு மார்ச்சில் முடிந்தது. மெஷினைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். யமுனா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும் முன், காப்பீட்டில் ஒரு மெஷின் கேட்டு மனு எழுதிக் கொடுத்தாள். மனு எங்கே இருக்கிறது என்று விசாரிக்கும்போதெல்லாம் வேறொரு ஜன்னலைக் காட்டுகிறார்கள். பாக்கியநாதன் தன்னோடு வந்து இருக்கச் சொன்னான், அவள் போகவில்லை. கால் வீக்கம் முழங்கால் வரை ஏறியிருக்கிறது. விற்றவரின் மகன்கள் மேல் மதுரைவீரன் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. தான்தான் தவறாக அடித்தது என்று சாட்சி சொல்வதாக அவர் வக்கீலிடம் அவள் எழுதிக் கொடுத்திருக்கிறாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் பத்து மணிக்கே போய் கோர்ட் நடையில் உட்கார்ந்துகொள்கிறாள். இதுவரை யாரும் அவள் பெயரைக் கூப்பிடவில்லை.